நரியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை

நகைச்சுவைப் படநூல்கள் சிறு குழந்தைகளை எழுதவும் வரையவும் வைப்பது எப்படி?

ரோசி என்னும் கோழி பண்ணைக்குள் ஓர் உலாப் புறப்படுகிறது. முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல், உலகில் தனக்கு எதிரியே இல்லை என்பதுபோல் அது நடந்துபோக, கூண்டின் அடியிலிருந்து வெளிவந்த நரி ஒன்று அதன் வாலுக்குப் பின்னால் பாயத் தயாராகிறது. பக்கத்தைத் திருப்பினால், தரையில் கிடந்த இலை வாரும் கம்பின் பற்களை நரி மிதித்துவிட, அந்தக் கம்பு நிமிர்ந்து அதன் மூக்கில் அறைந்திருக்கிறது. அடுத்து நரி குளத்தில் விழுகிறது, வைக்கோற்போருக்குள் புதைகிறது, மாவரைக்கும் ஆலையருகே மாவு மூட்டை அதன் தலையில் கொட்டுகிறது, கடைசியில் வண்டியொன்றில் சிக்கி உருண்டு, தேன்கூட்டுப் பெட்டிகளைச் சாய்த்து, தேனீக்கள் துரத்த ஓடுகிறது. கோழியோ திரும்பிப் பார்க்காமல் சாப்பாட்டு நேரத்துக்குள் வீடு சேர்கிறது. இங்கிலாந்தைச் சேர்ந்த பாட் ஹட்சின்ஸ் எழுதி வரைந்து 1968இல் வெளிவந்த ‘ரோசீஸ் வாக்’ என்னும் இந்நூலில் உள்ளவை மொத்தம் 32 சொற்கள். அவை அனைத்தும் சேர்ந்து ஒரே ஒரு வாக்கியம். அந்த வாக்கியத்தில் நரியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

சொற்கள் கோழியின் கதையைச் சொல்ல, படங்கள் நரியின் கதையைச் சொல்கின்றன. எழுத்துக் கூட்டத் தெரியாத நான்கு வயதுக் குழந்தை, நூலாசிரியர் சொல்லாமல் விட்டதைத் தான் கண்டுபிடித்துவிட்ட பெருமிதத்தில், ‘பின்னாடி நரி வருது!’ என்று கத்துகிறது. கட்டுரைப் பயிற்சி என்று பள்ளிகள் பின்னாளில் அழைக்கப்போகும் ஒன்று அந்தக் கூச்சலில் தொடங்கிவிடுகிறது. ஏனெனில் தான் பார்த்ததை, பிறர் சொல்லாததை, தன் வாக்கியத்தில் சொல்வதே கட்டுரை.

தமிழ்நாட்டின் தொடக்க வகுப்புகளில் 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. அதன்பின் வந்த வாசிப்பு இயக்கம் ‘நுழை, நட, ஓடு, பற’ என்று நிலை பிரித்த சிறு நூல்களைப் பிள்ளைகளின் கைக்குக் கொண்டுவந்தது. இவற்றால் படநூல் என்பது வசதியுள்ள வீடுகளின் அலமாரிப் பொருள் என்ற நிலை ஓரளவு மாறியிருக்கிறது. ஆனால் நூலைப் படித்து முடித்தபின் என்ன செய்வது என்ற கேள்விக்குப் பல வகுப்பறைகளிலும் வீடுகளிலும் கிடைக்கும் பதில் இன்றும் பழையதாகவே உள்ளது: ‘இக்கதையால் அறியும் நீதி யாது?’ என்று கேட்டு, அந்நீதியை மூன்று முறை எழுதச் சொல்வது. ரோசியின் கதைக்கு நீதி எழுத முயல்பவர் சற்றுத் திணறத்தான் வேண்டியிருக்கும்.

நாய் ‘மியாவ்’ என்றால்

சிரிப்பைப் பாடத்தின்மேல் தூவும் சர்க்கரையாகக் கருதுவது பரவலான வழக்கம். ரஷ்யக் குழந்தை எழுத்தாளர் கோர்னேய் சுகோவ்ஸ்கி இதற்கு நேர்மாறான ஒரு கருத்தை, குழந்தைகளின் பேச்சைப் பற்றிய ‘இரண்டிலிருந்து ஐந்து வரை’ என்ற தம் நூலில் முன்வைத்தார். இரண்டு வயது நிரம்பாத அவருடைய மகள் ஒருநாள் அவரிடம் வந்து, நாய் ‘மியாவ்’ என்கிறது என்று கள்ளத்தனமாகச் சொல்லிச் சிரித்ததை அவர் அதில் பதிவுசெய்கிறார். நாய் எப்படிக் குரைக்கும், பூனை எப்படிக் கத்தும் என்பவை ஐயமறத் தெரிந்த பின்னரே அவற்றை மாற்றிப்போட்டு மகிழக் குழந்தையால் முடிகிறது என்பதும், தலைகீழாக்கும் ஒவ்வொரு விளையாட்டும் உலகின் ஒழுங்கு குழந்தைக்குப் பிடிபட்டுவிட்டது என்பதற்கான சான்று என்பதும் அவர் கண்ட முடிவு.

இத்தாலியில் ஜான்னி ரொதாரி இதையே எழுதும் முறையாக மாற்றினார். 1973இல் வெளிவந்த ‘கற்பனையின் இலக்கணம்’ என்னும் அவருடைய நூல், ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இரு சொற்களை, சான்றாக ‘நாய்’, ‘அலமாரி’ என்பவற்றை, அருகருகே வைத்தால் அவற்றுக்கிடையே ஒரு கதை பிறந்தே தீரும் என்கிறது. அலமாரிக்குள் நாய், நாயின் முதுகில் அலமாரி, நாய்க்குச் சொந்தமான அலமாரி என்று வேற்றுமை உருபை மாற்ற மாற்றக் கதையும் மாறுகிறது. இலக்கணம் கற்பிக்க வந்த ஆசிரியருக்கு இதைவிடச் சுருக்கமான வழி கிடைப்பது அரிது.

விட்டுவைத்த பாதி

நல்ல நகைச்சுவைப் படநூல் எழுதக் கற்றுத்தருவது அது எதையோ சொல்லாமல் விடுவதால்தான். ரோசியின் நூலை மூடிய ஆசிரியர், ‘இதே கதையை நரி சொன்னால்?’ என்று கேட்டுவிட்டு ஒதுங்கினால் போதும். கோழியின் பயணத்தை நூல் இடப்பொருள் சொற்களால் அமைத்திருக்கிறது: முற்றத்தைக் கடந்து, குளத்தைச் சுற்றி, வைக்கோற்போரின்மேல் ஏறி, ஆலையைத் தாண்டி, வேலியின் ஊடே, தேன்பெட்டிகளின் அடியில். நரியின் கதையை எழுதும் குழந்தைக்கு இவை அனைத்தும் தேவைப்படுவதோடு, ‘மிதித்தேன்’, ‘விழுந்தேன்’, ‘கொட்டியது’ என்ற வினைகளும் தாமே வந்துசேர்கின்றன. தன்மையிடத்துக்கு மாறியதும் நரி பொய் சொல்லத் தொடங்குகிறது. தான் வேண்டுமென்றே குளத்தில் குளித்ததாகக்கூட அது எழுதக்கூடும். கதை சொல்பவரை நம்பலாமா என்பது கல்லூரி இலக்கிய வகுப்புக்குரிய கேள்வி. இரண்டாம் வகுப்புப் பிள்ளை அதை வெள்ளந்தியாகச் செய்துகாட்டிவிடுகிறது.

கடிதம் எழுதுவதிலும் இதே வேறுபாட்டைக் காணலாம். தமிழ்ப் பள்ளிகளில் கடிதம் என்றால் அனுப்புநர், பெறுநர் என்று தொடங்கி, காய்ச்சலால் பள்ளிக்கு வர இயலவில்லை என்று கூறி, இரண்டு நாள் விடுப்பு வேண்டி முடியும் விண்ணப்பமே முதலில் நினைவுக்கு வரும். காய்ச்சலே வராத குழந்தையும் அதை ஆண்டுதோறும் எழுதுகிறது. டோரீன் குரோனின் எழுதி பெட்சி லெவின் வரைந்து 2000இல் வந்த ‘கிளிக், கிளாக், மூ’ என்ற அமெரிக்கப் படநூலில், மாடுகளுக்கு ஒரு பழைய தட்டச்சுப்பொறி கிடைக்கிறது. கொட்டகையில் இரவில் குளிர்வதால் மின்போர்வை வேண்டும் என்று அவை பண்ணைக்காரருக்குக் கடிதம் அடிக்கின்றன. மறுத்ததும் பால் கிடையாது என்று அறிவிக்கின்றன. கோழிகளும் சேர்ந்துகொள்ள, வாத்து தூது போகிறது. ட்ரூ டேவால்ட் எழுத ஆலிவர் ஜெஃபர்ஸ் வரைந்த 2013ஆம் ஆண்டின் ‘தி டே தி கிரேயான்ஸ் குவிட்’ நூலில் வண்ணக்குச்சிகள் தங்கள் உரிமையாளனான சிறுவனுக்குக் குறைகளை அடுக்கி மடல் எழுதுகின்றன.

இவற்றைக் கேட்ட குழந்தை, கடிதம் என்பது யாரோ ஒருவரிடம் எதையோ பெறுவதற்காக, அவர் மறுக்கக்கூடும் என்று தெரிந்தே எழுதப்படுவது என்பதை உணர்ந்துகொள்கிறது. காரணம் சொல்ல வேண்டும், பணிய வேண்டிய இடத்தில் பணிய வேண்டும், மிரட்டவும் தெரிய வேண்டும். சத்துணவுக் கூடத்து முட்டையோ வகுப்பறையின் உடைந்த மின்விசிறியோ தலைமையாசிரியருக்கு எழுதும் கடிதத்தில் இவை எல்லாம் இருக்கும். அனுப்புநர், பெறுநர் முகவரிகளை அதன்பின் சேர்த்துக்கொள்ளலாம்.

▪ பெட்டிச் செய்தி: குறைந்த சொற்கள், நிறைந்த சிரிப்பு
அமெரிக்கக் குழந்தைகளின் தொடக்க வாசிப்பு நூல்கள் சலிப்பூட்டுகின்றன என்று 1954இல் ‘லைஃப்’ இதழில் ஜான் ஹெர்சி எழுதிய கட்டுரையை அடுத்து, கட்டுப்படுத்தப்பட்ட சொற்பட்டியலைக்கொண்டு டாக்டர் சூஸ் எழுதிய ‘தி கேட் இன் தி ஹேட்’ 1957இல் வெளிவந்தது. அதில் வரும் வெவ்வேறு சொற்கள் 236. பதிப்பாளர் பென்னட் செர்ஃபுடன் கட்டிய பந்தயத்தால் பிறந்த ‘கிரீன் எக்ஸ் அண்ட் ஹாம்’ (1960) நூலில் அவை வெறும் 50.

வட்டம், புள்ளி, கோடு

தமிழ்ப் பிள்ளை ஒன்றிடம் தாளைக் கொடுத்து எதையாவது வரையச் சொன்னால், பெரும்பாலும் வருவது இரண்டு மலைகள், நடுவே பாதிச் சூரியன், அதிலிருந்து இறங்கும் ஆறு, கரையில் ஒரு குடிசை, சாய்ந்த தென்னை, வானில் பறவைகளாக நிற்கும் வளைகோடுகள். மலையையே கண்டிராத தஞ்சைச் சமவெளிப் பிள்ளையும் இதையே வரைகிறது. இது பார்த்து வரைந்ததோ நினைத்து வரைந்ததோ அன்று, படியெடுத்தது. கலைக்கல்வி அறிஞர் விக்டர் லோவன்ஃபெல்ட் 1947இல் வெளியிட்ட நூலில், கிறுக்கல் பருவம், உருவம் அரும்பும் பருவம், ஒரு பொருளுக்கு ஒரு வடிவம் என்று நிலைபெறும் பருவம் என ஓவிய வளர்ச்சியைப் பகுத்ததோடு, அச்சிட்ட கோட்டுக்குள் வண்ணம் நிரப்பும் ஏடுகள் குழந்தையைத் தன் கோட்டின்மீது நம்பிக்கை இழக்கச் செய்யும் என்று கடுமையாக எதிர்த்தார். கோட்டைத் தாண்டாமல் வண்ணம் தீட்டும் பிள்ளைக்குத்தான் நட்சத்திரம் கிடைக்கிறது என்பதால், அந்த எதிர்ப்பு இன்னும் காலாவதியாகவில்லை.

நகைச்சுவைப் படநூல்களில் சிலவற்றின் கோடு இதற்கு மாற்றாக அமைகிறது. மோ வில்லெம்ஸின் ‘டோன்ட் லெட் தி பிஜன் டிரைவ் தி பஸ்!’ (2003) நூலின் புறாவுக்குத் தலை ஒரு வட்டம், அதற்குள் கண் ஒரு வட்டம், அதற்குள் ஒரு புள்ளி. கழுத்துக்குச் சில கோடுகள். ஐந்து வயதுக் குழந்தையும் வரையக்கூடிய வகையிலேயே தம் பாத்திரங்களை அமைப்பதாக வில்லெம்ஸ் கூறியுள்ளார். இங்கே படியெடுத்தல் கேடாவதில்லையா என்ற ஐயம் நியாயமானதே. வேறுபாடு அடுத்த கணத்தில் தெரிகிறது: கண்வட்டத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்தால் புறாவுக்குச் சலிப்பு, கோட்டைச் சாய்த்தால் சினம், புள்ளியை மேலே ஏற்றினால் கெஞ்சல். எந்தக் கோடு எந்த உணர்ச்சி என்பதைக் குழந்தை தானே சோதித்து அறியும்போது, படியெடுத்த உருவம் அதன் சொந்த மொழியின் எழுத்தாகிவிடுகிறது. மலையும் சூரியனும் வரையும் பிள்ளைக்கு அந்தப் படத்தில் மாற்றிப்பார்க்க எதுவும் இருப்பதில்லை, இரண்டு மலைகளுக்கு நடுவே சூரியன் இறுகச் சிக்கிக்கொண்டது என்று யாரேனும் ஒரு கதையைத் தொடங்கிவைத்தாலன்றி.

குரோக்கெட் ஜான்சனின் ‘ஹரால்ட் அண்ட் தி பர்ப்பிள் கிரேயான்’ (1955) ஒரு படி மேலே போகிறது. ஊதா வண்ணக்குச்சியுடன் இரவில் நடக்கப் புறப்படும் சிறுவன், நிலா இல்லாததால் நிலாவை வரைகிறான். ஆப்பிள் மரத்தைக் காக்க ஒரு பறவைநாகத்தை வரைந்துவிட்டு, அதைக் கண்டு தானே அஞ்சிப் பின்வாங்குகிறான். அப்போது முதுகுக்குப் பின்னால் நடுங்கும் கையிலிருந்த குச்சி இழுத்த நெளிகோடு கடலாகிவிட, அவன் அதில் மூழ்கி, அவசரமாக ஒரு படகை வரைந்து ஏறிக்கொள்கிறான். கை நடுங்கி வந்த பிழையான கோடு அழிக்கப்படாமல் கதையின் திருப்பமாகிறது. அழிப்பானால் தாள் கிழியுமளவு தேய்க்கும் குழந்தைகளுக்கு இந்த ஒரு பக்கத்தைக் காட்டுவது ஒரு மாத ஓவிய வகுப்புக்கு ஈடாகும்.

பேச்சுக் குமிழுக்குள் பேச்சுத் தமிழ்

எழுத்துக்கு முன்வரலாறு உண்டென்றும், சைகையும் விளையாட்டும் ஓவியமும் அதன் படிகள் என்றும் விளக்கிய ரஷ்ய உளவியலாளர் லெவ் விகோட்ஸ்கி, பொருள்களைப் போலவே பேச்சையும் வரைய முடியும் என்று குழந்தை கண்டுகொள்ளும் இடத்தில்தான் எழுத்து பிறக்கிறது என்றார். படக்கதையில் வாயிலிருந்து வால் நீண்டு நிற்கும் வட்டமான பேச்சுக் குமிழ், பேச்சை வரைதல் என்பதன் நேரடி வடிவம். வில்லெம்ஸின் ‘எலிஃபன்ட் அண்ட் பிக்கி’ வரிசை நூல்களில் யானையின் குமிழுக்குச் சாம்பல் நிறமும் பன்றியின் குமிழுக்கு இளஞ்சிவப்பும் தரப்பட்டிருப்பதால், எழுத்துக் கூட்டாத குழந்தைக்கும் யார் பேசுகிறார் என்பது புலனாகிறது.

தமிழுக்கு இந்தக் குமிழ் கூடுதலாக ஒரு தடையைத் தாண்டித் தருகிறது. வீட்டில் ‘நா வரல போ’ என்று பேசும் பிள்ளை, ஏட்டில் ‘நான் வரவில்லை’ என்று எழுத வேண்டியிருப்பதால், ஆறு வயதிலேயே தன் நாவுக்குப் பழகாத ஒரு மொழியில் எழுதப் பணிக்கப்படுகிறது. பல பிள்ளைகள் எழுதாமல் விழிப்பதற்கு அறியாமையைவிட இந்த இடைவெளியே காரணம். குமிழுக்குள் பேச்சுத் தமிழும், படத்தின் அடியில் எழுத்துத் தமிழும் என்று பிரித்துக்கொண்டால், இரண்டுமே அதனதன் இடத்தில் சரியானவை என்பது விளங்கிவிடுகிறது. ‘யார்றா என் வால மிதிச்சது?’ என்று குமிழில் கத்தும் பூனையின் கீழே, ‘பூனை சினத்துடன் கேட்டது’ என்று அதே குழந்தை எழுதப் பழகும். தமிழின் இரட்டைக்கிளவிகள், அதாவது சடசட, கடகட, தொபதொப என்று இணைந்தே ஒலிக்கும் குறிப்புச் சொற்கள், ஓசையைப் பெரிய எழுத்தில் வரைந்துகாட்டும் படநூல்களுக்கென்றே ஆக்கி வைத்தவைபோல் இருக்கின்றன. மழையின் ‘சடசட’வைச் சாய்த்தும், உருளும் தகரக் குடத்தின் ‘கடகட’வைப் படிக்கட்டாக இறக்கியும் எழுதும் குழந்தை எழுத்தையும் ஓவியத்தையும் ஒரே வேலையாகச் செய்கிறது.

அடுத்து வரும் சிக்கல் பிழை. ‘வாளப்பளம்’ என்று எழுதும் பிள்ளை தன் காதுக்குக் கேட்டபடி சரியாகவே எழுதியிருக்கிறது. குழந்தைகள் தாமே புனையும் இத்தகைய எழுத்துக்கூட்டல், ஒலிகளை அவர்கள் பகுத்தறிவதைக் காட்டும் ஒழுங்குடைய முயற்சி என்பதை அமெரிக்க மொழியியலாளர் சார்ல்ஸ் ரீட் 1971இல் விளக்கினார். அதற்காக ழகரத்தைக் கைவிட வேண்டியதில்லை. பூனை வாழைப்பழத்தோலில் வழுக்கி விழுந்த பக்கத்தின்மேல் சிவப்பு மையால் மூன்று வட்டங்கள் இட்டுவிட்டால், அடுத்த நாள் அந்தக் குழந்தை தனக்கு எழுதத் தெரிந்த சொற்களை மட்டும் எழுதும்; பூனை, பால், பந்து என்பவற்றோடு கதை முடிந்துவிடும். திருத்தத்தைப் ‘பதிப்புக்கு முன்’ என்று தள்ளிவைத்து, வகுப்பு நூலகத்தில் வைக்கப்போகும் பிரதிக்கு மட்டும் ழகரத்தைச் சரிபார்ப்பது நடைமுறைக்கு ஒத்துவரும்.

▪ பெட்டிச் செய்தி: ஒரே தாளில் எட்டுப் பக்கம்
அச்சிட்ட பெரிய தாளை மடித்து வெட்டும் முறையால் படநூல்கள் பெரும்பாலும் 32 பக்கங்களில் அமைகின்றன. குழந்தைக்கு ஏ4 தாள் ஒன்றே போதும்: எட்டுக் கட்டங்களாக மடித்து, விரித்து, நீளவாட்டில் ஓடும் நடு மடிப்பில், நடு இரு கட்டங்களின் அளவுக்கு மட்டும் ஒரு வெட்டு வெட்டி, மீண்டும் மடித்தால் அட்டைகள் உட்பட எட்டுப் பக்கப் புத்தகம் கிடைக்கும், பசையும் தையலும் வேண்டா. விபத்து நேரப்போகும் படத்தை வலப்பக்கத்திலும், நேர்ந்த விபத்தை அதற்கு மறுபக்கத்திலும் வைத்தால், பக்கம் திரும்பும் கணத்தில் சிரிப்பு வெடிக்கும்.

யாரைப் பார்த்துச் சிரிப்பது

குழந்தை எதைப் பார்த்துச் சிரித்ததோ அதையே வரையும் என்பதால், நூலைத் தேர்பவரின் பொறுப்பு இங்கே கூடுகிறது. பிராங்க்ஃபர்ட் நகர மருத்துவரான ஹைன்ரிஹ் ஹாஃப்மான், 1844ஆம் ஆண்டுக் கிறிஸ்துமசுக்குத் தம் மூன்று வயது மகனுக்கு ஏற்ற நூல் கடையில் கிடைக்காமல், ஒரு வெற்றேட்டை வாங்கித் தாமே எழுதி வரைந்ததே ‘ஷ்ட்ரூவெல்பீட்டர்’ என்ற புகழ்பெற்ற நூலாயிற்று. அதில் விரல் சூப்பும் சிறுவனின் கட்டைவிரல்களைத் தையற்காரர் கத்தரித்துவிடுகிறார். கருநிறத்தவரைக் கேலிசெய்த சிறுவர்களை மைக்கூட்டில் முக்கியெடுக்கும் ஒரு கதையும் உண்டு. கேலியைக் கண்டிக்க வந்த அந்தக் கதை, கறுப்பாவதையே தண்டனையாக்கிவிட்டது.

தமிழ்த் திரைப்பட நகைச்சுவையில் பருமனும் நிறமும் வழுக்கையும் திக்குவாயும் நெடுங்காலம் சிரிப்புக்கு மூலப்பொருளாக இருந்திருக்கின்றன. அதைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு, ‘வேடிக்கையாக ஒருவரை வரை’ என்றால் கடைசி பெஞ்சின் பருமனான நண்பனே முதலில் தோன்றுவான். ரோசியின் நூலில் அடி வாங்குவது வேட்டையாட வந்தது. மாடுகளின் நூலில் தோற்பது அதிகாரம் உள்ளவர். புறாவின் நூலிலோ, பேருந்தை ஓட்டவிடும்படி கெஞ்சி, பேரம்பேசி, அழுது அடம்பிடிக்கும் புறாவின் உருவில் குழந்தை தன்னையே பார்த்துச் சிரிக்கிறது, ‘கூடாது’ என்று சொல்லும் பெரியவரின் இடமும் ஒருமுறை அதற்கே கிடைக்கிறது.

நூல் கைக்கு எட்டுமா

மேலே சொன்ன அயல்நாட்டு நூல்களின் கெட்டி அட்டைப் பதிப்பு ஒன்றின் விலையில் ஒரு வகுப்புக்கே ஆண்டு முழுவதற்குமான வெற்றுத்தாள் வாங்கிவிடலாம் என்பது மறுக்க முடியாத குறை. ஆயினும் வழியில்லாமல் இல்லை. சென்னையின் தாரா பதிப்பகம் 1997இல் வெளியிட்ட, அனுஷ்கா ரவிசங்கர் எழுதிப் புலக் பிஸ்வாஸ் வரைந்த ‘டைகர் ஆன் எ ட்ரீ’ நூலில், மரத்திலேறிய புலியைப் பிடித்துவிட்ட ஊரார், பிடித்த புலியை என்ன செய்வது என்று தெரியாமல் விழிக்கிறார்கள். அந்த இடத்தில் நூலை மூடிவிட்டால், முப்பது பிள்ளைகளிடமிருந்து முப்பது தீர்மானங்கள் எழுத்தில் வந்துசேரும்.

பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையத் தளத்தில் தமிழ்ப் படக்கதைகளைக் கட்டணமின்றி இறக்கி அச்சிடலாம். அவற்றின் திறந்த உரிமம், ஆக்கியோரின் பெயரைக் குறிப்பிட்டுவிட்டுச் சொற்களை மாற்றியமைக்கவும் இடமளிக்கிறது. படங்களை அப்படியே வைத்து, சொற்களை மறைத்து அச்சிட்டுக் கொடுத்தால், ஒவ்வொரு குழந்தையும் அந்த நூலுக்கு வேறொரு ஆசிரியராகிவிடும். கறுப்பு வெள்ளை ஒளிநகலே இதற்குப் போதும்.

ஒன்பது வயதின் அழிப்பான்

ஏறத்தாழ ஒன்பது வயதில் குழந்தையின் கண் கையைவிட வேகமாக வளர்ந்துவிடுகிறது. தான் வரைந்த குதிரை குதிரைபோல் இல்லை என்று கண்டுகொண்ட பிள்ளை, ‘எனக்கு வரைய வராது’ என்று அறிவித்துவிட்டுப் பென்சிலைக் கீழே வைக்கும் பருவம் இதுவே. லோவன்ஃபெல்ட் இதனை மெய்த்தோற்ற நாட்டம் அரும்பும் பருவம் என்றார். பள்ளியிலும் இதே வயதில் கட்டுரை ஏட்டிலிருந்து படம் நீங்கி, குறிப்புகளைக்கொண்டு பத்து வரி எழுதும் பயிற்சி அதன் இடத்தைப் பிடிக்கிறது. கேலிச்சித்திரக் கோட்டுக்கு அச்சு அசலான தோற்றம் தேவையில்லை என்பதால், அதில் பழகியவர்கள் இந்தக் கண்டத்தை எளிதாகக் கடக்கிறார்கள். குச்சி மனிதர்களையொத்த உருவங்களோடு கோடிட்ட நாட்குறிப்பின் தோற்றத்தில் 2007இல் வெளிவந்த ஜெஃப் கின்னியின் ‘டைரி ஆஃப் எ விம்பி கிட்’ உலகெங்கும் படிக்கப்படுவதும் அந்த வயதில்தான். அத்தகைய பாதிப் படம், பாதி எழுத்து நூல்கள் தமிழில் போதிய அளவில் இல்லை. எட்டுப் பக்கப் புத்தகங்களை நான்கு ஆண்டுகள் செய்துவந்த பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பில் அவற்றைத் தேடும்போது, ஆசிரியர் கொடுக்கக்கூடியது இப்போதைக்கு இன்னொரு வெற்றேடுதான்.